இரட்சிப்பின் நிச்சயத்தை எங்கே தேடுவது? உள்ளே தேடிக் களைத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“நீங்க ரட்சிக்கப்பட்டுட்டீங்களா? எந்தத் தேதியில?” கன்வென்ஷன் பந்தலிலும் வாலிபர் முகாமிலும், ஏன், சம்பந்தம் பேச வந்த வீட்டுக் கூடத்திலும்கூட இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவரோ அந்தக் கணமே தனக்குள் இறங்கித் தேடத் தொடங்குகிறார். அன்று நான் உண்மையாகவே மனந்திரும்பினேனா? அழுதது மனதாரவா, கூட்டத்தோடு கூட்டமாகவா? மனதார என்றால், அதற்குப் பிறகும் அதே பாவத்தில் விழுந்தது ஏன்? தேடத் தேட நிச்சயம் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் ஆலயத்துக்கு வந்து, ஜெபித்து, தசமபாகம் கொடுத்து, வேதத்தை முழுக்க வாசித்தவர்களே இப்படித் தவிக்கிறார்கள்.

இந்தக் குறிப்பு அவர்களுக்காக. சொல்ல வந்தது ஒன்றுதான்: உங்கள் இரட்சிப்பு உங்களுக்கு வெளியே நடந்து முடிந்தது, அதன் நிச்சயமும் வெளியேதான் கிடைக்கும். பார்வையை அங்கே திருப்புவது எப்படி, திருப்பிய பார்வை மறுபடி உள்ளே சரிவது ஏன், அப்போது என்ன செய்வது என்று பார்ப்போம். லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபைகளின் போதனையை ஒட்டி எழுதுகிறோம். ஞானஸ்நானம் பற்றிச் சொல்வதில் பெந்தெகொஸ்தே, சகோதரர் சபையினர் மாறுபடுவார்கள். மற்றவை அவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

“நான் இரட்சிக்கப்பட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்ற கேள்விக்கு ஐந்தாறு வரிகளில் பதில் எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அழகாக எழுத வேண்டாம், மனதில் வருகிறபடியே எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

“பிளஸ் டூ படிக்கும்போது ஒரு கூட்டத்தில் கை தூக்கினேன். கண்ணீரோடு ஜெபித்தேன். எனக்குள் ஒரு சமாதானம் வந்தது. அதற்குப் பிறகு சினிமாவை விட்டேன். தினமும் வேதம் வாசிக்கிறேன்.”

இப்போது ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லின் முடிவை அடிக்கோடிடுங்கள். தூக்கினேன், ஜெபித்தேன், விட்டேன், வாசிக்கிறேன். எல்லாம் ‘ஏன்’ என்று முடிகிறது. மீதி ஒரு வரி ‘எனக்குள்’ என்று தொடங்குகிறது. ஐந்து வரியிலும் கிறிஸ்து வரவே இல்லை. எழுதியவர் பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் எழுதினார். ஆனால் அந்த வரிகளின்மேல் நித்தியத்தை ஏற்றி வைத்தால் தாங்காது. நாளைக்கு வாசிக்காமல் விட்டால் ஒரு வரி போகும், சமாதானம் போனால் இன்னொரு வரி போகும்.

தாளைத் திருப்பி, அதே கேள்விக்கு வேறு ஐந்து வரி எழுதுங்கள். நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு வினையும் ‘ஆர்’ என்று முடிய வேண்டும், எழுவாய் பிதாவாகவோ கிறிஸ்துவாகவோ ஆவியானவராகவோ இருக்க வேண்டும். உதாரணமாக: “பொந்தியு பிலாத்துவின் காலத்தில் இயேசு சிலுவையில் மரித்தார். என் பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், என்னை நீதிமானாக்க எழுப்பப்பட்டார். வருகிறவனைப் புறம்பே தள்ளுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பிதாவின் வலதுபாரிசத்தில் எனக்காக வேண்டுதல் செய்கிறார்.” இந்த வரிகளில் எதுவும் உங்கள் மனநிலையோடு ஏறி இறங்குவதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும், ஜெபம் வறண்டு போனாலும், நேற்று விழுந்திருந்தாலும் அவை அப்படியே நிற்கும். இரண்டாவது பக்கத்தை வேதப்புத்தகத்துக்குள் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மத்தேயு 7:22-ஐ இந்தப் பழக்கத்தோடு வாசித்தால் அது வேறு வெளிச்சத்தில் தெரியும். நியாயத்தீர்ப்பு நாளில் அநேகர் வந்து, தீர்க்கதரிசனம் உரைத்தோம் அல்லவா, பிசாசுகளைத் துரத்தினோம் அல்லவா, அற்புதங்களைச் செய்தோம் அல்லவா என்று மூன்று முறை வாதிடுகிறார்கள். மூன்றும் அவர்கள் செய்தவை. அவர் செய்தது ஒன்றுகூட அவர்கள் வாயில் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த பதிலை அடுத்த வசனத்தில் பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடம்

எண்ணாகமம் 21-ல் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்து ஜனங்கள் சாகிறார்கள். மோசே வெண்கலத்தால் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தின்மேல் தூக்கி வைக்கிறான். “கடிக்கப்பட்டவன் எவனோ அவன் அதை நோக்கிப்பார்த்தால் பிழைப்பான்.” கட்டளையில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். கடிவாயைக் கழுவச் சொல்லவில்லை. விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. இத்தனை நாழிகை பார்க்க வேண்டும், இவ்வளவு கருத்தாகப் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. காலில் கடிபட்டவன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் கம்பம் கண்ணில் படாது. யோவான் 3:14-ல் இயேசு நிக்கொதேமுவிடம் பேசும்போது இந்தக் கம்பத்தைத்தான் தம் சிலுவைக்கு அடையாளமாகக் காட்டினார்.

யாத்திராகமம் 12-ல், எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இராத்திரியிலும் அப்படியே. இரத்தம் பூசப்பட்டது வாசலின் நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும். குடும்பம் இருந்தது உள்ளே. “அந்த இரத்தத்தை நான் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்” என்றார் கர்த்தர். அந்த இராத்திரி ஒரு வீட்டில் தலைப்பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம், பக்கத்து வீட்டில் தாய் நடுங்கியபடி விடிய விடிய விழித்திருந்திருக்கலாம். இரண்டு வீடும் ஒரேபோல் தப்பின, ஏனென்றால் பார்க்கப்பட்டது வாசல்.

இந்தப் பாடத்தைத் திருச்சபை பலமுறை மறந்து, பலமுறை மீண்டும் கற்றிருக்கிறது. மார்ட்டின் லூத்தர் 1505-ல் எர்ஃபர்ட் நகரின் அகஸ்தீனியர் மடத்தில் சேர்ந்தார். உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவ அறிக்கை. முடித்துத் திரும்புகையில் விட்டுப்போன ஒரு பாவம் நினைவுக்கு வரும், மறுபடி தவிப்பார். மடத்தில் அவருக்கு மேலாளராக இருந்த யோகான் வான் ஸ்டௌப்பிட்ஸ் அந்தக் கணக்கெடுப்பை இன்னும் கவனமாகச் செய்யச் சொல்லவில்லை. கிறிஸ்துவின் காயங்களைப் பார்க்கச் சொன்னார். பிற்காலத்தில், 1531-ல், கலாத்தியர் நிருபத்தை விளக்குகையில் லூத்தர் இதையே உபதேசமாக்கினார்: சுவிசேஷம் நம்மை நம்மிடமிருந்து பிடுங்கி நமக்கு வெளியே நிறுத்துகிறது, அதனால்தான் அது உறுதியானது.

இங்கிலாந்தில் 1850 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. கடும் பனியில் கோல்செஸ்டரில் ஒரு சிறிய மெத்தடிஸ்ட் ஆலயத்துக்குள் ஒதுங்கிய 15 வயதுப் பையன், பின்னாளில் புகழ்பெற்ற பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன். வெகுநாளாகத் தன் பாவத்தை எண்ணி எண்ணி வாடியவன். போதகர் வரவில்லை. அதிகம் படிக்காத ஒருவர் பிரசங்கித்தார், ஏசாயா 45:22: “பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப்பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்.” பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம், உங்களையே பார்த்துப் பயனில்லை, அவரைப் பாருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். பத்து நிமிடம் போலப் பேசிய அந்த மனிதரின் சொல்லில் அந்தப் பையனுக்கு வழி திறந்தது.

தினமும் செய்ய வேண்டியது

மாற்கு 14, 15 அதிகாரங்கள், மொத்தம் 119 வசனங்கள். வாரத்தில் ஒருநாள் ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள். அரைமணி நேரத்துக்குள் முடியும். “இதிலிருந்து நான் என்ன செய்ய வேண்டும்?” என்ற கேள்வியை அன்றைக்கு ஒதுக்கி வையுங்கள். நடந்ததை மட்டும் கேளுங்கள்: யார் காட்டிக்கொடுத்தார்கள், யார் ஓடினார்கள், யார் நின்றார். இயேசுவைத் தவிர அந்த இரண்டு அதிகாரங்களில் தன் வாக்கைக் காத்த சீஷன் ஒருவனும் இல்லை என்பது இரண்டாவது, மூன்றாவது வாசிப்பில் உறைக்கும்.

மற்ற நாட்களில் நான்கு வசனங்கள் போதும், மனப்பாடமாக. ஆங்கிலிக்கன் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் 16-ம் நூற்றாண்டு முதல் பாவ அறிக்கைக்குப் பிறகு வாசிக்கப்படும் ஆறுதல் வசனங்கள் இவை: மத்தேயு 11:28, யோவான் 3:16, 1 தீமோத்தேயு 1:15, 1 யோவான் 2:1, 2. ஏன் இந்த நான்கு? ஒன்று களைத்தவர்களை அழைக்கிறது. ஒன்று தேவன் கொடுத்ததைச் சொல்கிறது. ஒன்று பாவிகளை இரட்சிக்கவே அவர் வந்தார் என்கிறது. கடைசியானது, பாவஞ்செய்தபிறகும் பரிந்துபேசுகிறவர் ஒருவர் உண்டு என்கிறது. நான்கிலும் உங்கள் பக்கத்துத் தகுதி என்று கேட்கப்படுவது வருத்தப்பட்டுப் பாரஞ்சுமப்பதும் பாவியாயிருப்பதும்தான். அந்தத் தகுதி எல்லாருக்கும் உண்டு.

புதுவருட ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். அட்டையில் வரும் வசனம் வேதத்தின் வசனம்தான். ஆனால் அது இஸ்ரவேலுக்கு எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பார்க்காமல், இந்த வருஷம் வீடு கட்டுவோம், வேலை கிடைக்கும் என்று வாசித்துவிட்டு, டிசம்பரில் நடக்கவில்லை என்றதும் “என் விசுவாசத்தில்தான் குறை” என்று மனம் உடைபவர்கள் அநேகர். கல்வாரியில் நிறைவேறிய வாக்கு எந்த டிசம்பரிலும் காலாவதியாகாது. அதைப் பிடியுங்கள்.

குற்ற உணர்வு தூங்கவிடாத இரவில்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான இடம், கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மனச்சாட்சி குற்றஞ்சாட்டும்போது பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, வாதாடுகிறார்கள்: அவன் பேசியதால்தான் நானும் பேசினேன், எல்லாரும் செய்வதுதானே. இல்லையென்றால் பேரம் பேசுகிறார்கள்: நாளையிலிருந்து மூன்று நாள் உபவாசம், இனி ஒருபோதும் மாட்டேன். இரண்டும் பார்வையை உள்ளேயே வைத்திருக்கும். அதனால்தான் இரண்டும் தூக்கம் தருவதில்லை.

பதிலாக, எழுந்து உட்காருங்கள். படுத்தபடி இருட்டில் இதைச் செய்யாதீர்கள், சுழற்சி நிற்காது. விளக்கைப் போட்டு, பாவத்தை அதன் பெயரால், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். “நான் மோசமானவன்” என்பது பாவ அறிக்கை ஆகாது. அது மொத்தமாக எல்லாவற்றையும் சொல்லி, எதையும் சொல்லாமல் விடுவது. “தம்பியின் பங்கிலிருந்து இருபதாயிரம் ரூபாயை மறைத்தேன்” என்பது அறிக்கை. குறிப்பாகச் சொல்ல எதுவும் அகப்படவில்லை, வெறும் பாரம் மட்டும் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் அசதி அல்லது பயம். அதற்காகப் பாவம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டாம். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்து, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளுங்கள். ஆம், செய்தேன், இதற்குத் தண்டனை நியாயமே. ஒப்புக்கொண்ட மறுகணம், எழுவாயை மாற்றுங்கள்: “ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறவன் யார்? கிறிஸ்துவே மரித்தவர்; அவரே எழுந்துமிருக்கிறவர்.” ரோமர் 8:34-ஐ வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் அது உங்கள் எண்ணங்களில் ஒன்றாகக் கரைந்துவிடும். காதில் விழுந்தால் வெளியிலிருந்து வரும் சொல்லாக நிற்கும். சங்கீதக்காரனும் தன் ஆத்துமாவோடு பேசினான்: “நீ ஏன் கலங்கி எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு.” ஆத்துமா பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்காமல், ஆத்துமாவுக்குச் சொல்ல வேண்டிய நேரம் இது.

பிறகு நிறுத்துங்கள். இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வசனத்தைச் சொன்னதும், “இப்போது சமாதானம் வந்ததா?” என்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். வரவில்லை என்றால், சரியாக விசுவாசிக்கவில்லை போலும் என்று மறுபடி தொடங்குகிறார்கள். சமாதானம் வரும், வராமலும் போகும். மன்னிப்பு அதைச் சார்ந்ததில்லை. “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்கிறது 1 யோவான் 3:20. இருதயம் கீழ்க்கோர்ட், அவர் மேல்கோர்ட். விளக்கை அணைத்துப் படுங்கள்.

காலையில் தம்பிக்கு அந்த இருபதாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மன்னிப்புக்கு விலையாகக் கொடுக்கவில்லை. மன்னிப்பு இரவே கிடைத்துவிட்டது. அது தம்பியின் பணம், அதனால் கொடுக்கிறீர்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஞானஸ்நானமும் திருவிருந்தும்

சந்தேகம் வரும்போது லூத்தர் தனக்குச் சொல்லிக்கொண்டது, “நான் ஞானஸ்நானம் பெற்றவன்” என்பது. “நான் நன்றாக விசுவாசித்தேன்” என்று அவர் சொல்லவில்லை. தண்ணீரும் பெயரும் வெளியே இருந்து வந்தவை. ஒரு நாளில், ஓர் ஊரில், சாட்சிகள் முன் நடந்தவை. உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் இன்னார் என்று உங்கள் பெயர் எழுதியிருக்கும். முதல்முறை உணர்வு போதவில்லை என்பதற்காக மறுபடி ஞானஸ்நானம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டாவதும் போதாமல் தோன்றும் நாள் வரும். காரணம், அளக்கும் கோல் அதேதான்.

திருவிருந்தில் இன்னொரு சிக்கல். 1 கொரிந்தியர் 11:27-ல் “அபாத்திரமாய்” என்று வாசித்துப் பயந்து, “நான் தகுதியாக இல்லை” என்று பந்திக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பவுல் எதைக் கண்டித்தார் என்று ஆறு வசனம் மேலே போய்ப் பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” இல்லாதவர்களை வெட்கப்படுத்தியதுதான் அங்கே நடந்த குற்றம். தன் பாவத்துக்காக வருந்தி நடுங்கிக்கொண்டு வருகிறவனை அந்த அதிகாரம் விரட்டவில்லை. 1563-ல் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடையின் 81-வது கேள்வியே யார் பந்திக்கு வரலாம் என்பதுதான். தன் பாவங்களுக்காகத் தன்மேல் அதிருப்தி கொண்டு, அவை கிறிஸ்துவினிமித்தம் மன்னிக்கப்பட்டன என்று நம்பி, நல்வாழ்வை நாடுகிறவர்கள் என்பது பதில். அதிருப்தி இருக்கிறதா? எழுந்து போங்கள். அப்பத்தை வாங்கும்போது கை வெறுமையாக நீட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

யாரோடாவது மனஸ்தாபம் என்றால், அந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள். அதைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் பந்தியை விடாதீர்கள்.

எங்கே தவறும்

விசுவாசத்தையே பார்க்கத் தொடங்குவது முதல் தவறு. “கிறிஸ்து போதுமானவர், அது தெரியும், என் விசுவாசம்தான் போதாது” என்கிற பேச்சில் இது தெரியும். வெளியே திரும்பிய பார்வை கடைசி அடியில் உள்ளே வளைந்துவிட்டது. மாற்கு 9:24-ல் பிசாசுபிடித்த மகனின் தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்தினான். பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். பிள்ளை முழுதாகக் குணமானான்.

உணர்வைச் சாட்சியாக்குவது அடுத்தது. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது தன் இருதயம் வழக்கமில்லாத விதத்தில் அனல்கொண்டதாக ஜான் வெஸ்லி குறித்தார். இதைச் சொல்லாத கிறிஸ்தவப் பத்திரிகை குறைவு. அதே நாட்குறிப்பில், கொஞ்ச நேரத்திலேயே “இது விசுவாசமாயிருக்க முடியாது, உன் சந்தோஷம் எங்கே?” என்ற சோதனை வந்ததையும், 1739 ஜனவரியில் தான் இன்னும் கிறிஸ்தவன் அல்ல என்று எழுதிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு. அனல் வரும்போது நன்றி சொல்லுங்கள். அதைப் பத்திரமாக வைத்துப் பின்னால் ஆதாரமாகக் காட்ட முடியாது.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஸ்பர்ஜனுக்குத் தேதி இருந்தது. தீமோத்தேயுவுக்கு? பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், சிறுவயதுமுதல் அறிந்த வேத எழுத்துக்கள். தேதி எதுவும் எழுதப்படவில்லை. தேதி இல்லாதவர்கள் சாட்சி நேரத்தில் ஒன்றை உருவாக்க வேண்டாம். “இயேசு எனக்காக மரித்து உயிர்த்தார், அவரை நம்பியிருக்கிறேன்” என்பது முழுமையான சாட்சி. ஒவ்வொரு கன்வென்ஷனிலும் மறுபடி மறுபடி கை தூக்குவதையும் நிறுத்துங்கள். அழைப்பு விடுக்கும்போது இருந்த இடத்திலேயே 1 தீமோத்தேயு 1:15-ஐச் சொல்லுங்கள்.

வெண்கலச் சர்ப்பத்துக்குப் பின்னால் என்ன ஆனது தெரியுமா? 2 இராஜாக்கள் 18:4: அதற்கு இஸ்ரவேலர் தூபங்காட்டி வந்ததால் எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். தேவன் ஒருமுறை பயன்படுத்திய பொருளே விக்கிரகமானது. நம்முடைய மனந்திரும்பிய நாள், ஒரு ஊழியக்காரர், ஒரு முகாம் அனுபவம் எதுவும் இப்படி ஆகலாம்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். எல்லாம் அவர் செய்துவிட்டார், இனி எப்படி வாழ்ந்தால் என்ன என்பது. பவுல் இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே ரோமர் 6-ஐ “கூடாதே” என்று தொடங்கினார். பாவத்தை விட மனமில்லாமல் அதற்கு மூடியாகக் கிருபையைத் தேடுபவருக்கு இந்தக் குறிப்பின் முதல் பாதியைக் கொடுக்காதீர்கள். யாக்கோபு 2-ம் அதிகாரத்தைக் கொடுங்கள். லூத்தர் 1520-ல் எழுதியபடி, கிறிஸ்தவன் தனக்குள் வாழ்வதில்லை. விசுவாசத்தால் கிறிஸ்துவிலும் அன்பால் அயலானிலும் வாழ்கிறான். தன்னைச் சோதித்துக்கொண்டே இருந்த நேரமெல்லாம் மிச்சமாகிறது. அது படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும், சம்பளம் பாக்கி நிற்கும் வேலையாளுக்கும் போகட்டும்.

“உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்” என்ற 2 கொரிந்தியர் 13:5 எங்கே போகும் என்று கேட்பார்கள். இரண்டு வசனம் முன்னால், கிறிஸ்து பவுலுக்குள்ளே பேசுகிறாரா என்பதற்குக் கொரிந்தியர் அத்தாட்சி தேடினார்கள். உங்களையே பாருங்கள், நீங்கள்தான் என் ஊழியத்தின் அத்தாட்சி என்று அவர் திருப்பினார். ஒவ்வொரு இரவும் இரட்சிப்பைச் சந்தேகிக்கும்படி இடப்பட்ட கட்டளை அது இல்லை. வாழ்க்கையில் கனி தெரிந்தால் மகிழலாம். அது மரத்தைக் காட்டும், மரத்தை நடாது.

ஒரு எச்சரிக்கை. அதே பாவத்தை ஒரு நாளில் பத்து இருபது தடவை அறிக்கையிடுவது, ஜெபத்தில் ஒரு சொல் சரியாக வரவில்லை என்று முதலிலிருந்து தொடங்குவது, மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்ற எண்ணம் விடாமல் துரத்துவது, விரும்பாத தூஷண எண்ணங்கள் வந்து நடுங்க வைப்பது இவை வாரக்கணக்கில் நீடித்தால், அது ஓசிடி என்னும் நோயாக இருக்கக்கூடும். மருந்தும் முறையான ஆலோசனையும் உண்டு, பலனும் உண்டு. மனநல மருத்துவரிடம் போங்கள்; இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். அதைப் பிசாசின் பிடி என்று சொல்லி உபவாசத்தைக் கூட்டினால் நோய் முற்றும். சாப்பிடாமல் தூங்காமல் இருப்பது இந்த நோயை வளர்க்கும்.

இன்னொருவருக்கு உதவும்போது

உங்களிடம் ஒருவர் மனபாரத்தோடு வந்தால், “நிஜமாகவே மனந்திரும்பினாயா?” என்று கேட்காதீர்கள். அவர் அதைத்தான் இரவெல்லாம் தனக்குத்தானே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் அறிக்கையிட்டதைக் கேளுங்கள், குறுக்கிடாமல். பிறகு பெயர் சொல்லி அழைத்து, கண்ணைப் பார்த்து, “உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது, இயேசு உனக்காக மரித்தார்” என்று முன்னிலையில் சொல்லுங்கள். “தேவன் எல்லாரையும் மன்னிக்கிறவர்” என்ற பொதுவான பேச்சு அவர் காதைத் தாண்டிப் போய்விடும். குருவானவரிடம் போக விருப்பமிருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்டதை வெளியே விடாதீர்கள், உங்கள் வீட்டாரிடம்கூட. ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் வேண்டாம்.

மரணப்படுக்கையில் இருப்பவரிடம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். “அப்பா, பரலோகம் போகிற நிச்சயம் இருக்கா?” என்று கேட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது, மூச்சுக்குத் திணறுபவரைத் தன்னையே சோதிக்க வைப்பது. கேள்வி வேண்டாம். காதருகே உட்கார்ந்து, அவரை எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைத்து, ஒரு வசனம் சொல்லுங்கள்: “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.” கொஞ்சம் நிறுத்தி, அதே வசனத்தை மறுபடி. பிறகு சங்கீதம் 23. பத்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். மறுநாள் மறுபடி போங்கள். ஆமென் சொல்லவில்லை, கையை அசைக்கவில்லை என்று வீட்டார் கலங்கினால், சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று சொன்னது இயேசு என்று அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

மறதி நோயால் பிள்ளைகளின் பெயரையே இழந்தவர்களுக்குத் தன்னைச் சோதிக்கும் வசதியே இல்லை. அவர்களுக்கு ஏசாயா 49:15, 16: “அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை. இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்.” தினமும் ஒரே நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு, பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள். நடுவில் அவர்களே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தால் நீங்கள் குரலைத் தாழ்த்துங்கள். சேராவிட்டால் நீங்களே முடித்து, ஆமென் சொல்லுங்கள்.